தாரண வருஷத்து வீடும் பரணில் கிடந்த கணக்குக் கட்டுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையின் பழைய மிராசுதார் வீடுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். படத்துடன் இடம்பெற்ற வீடுகளுள் ஒன்று, மன்னார்குடி வட்டத்தில் கோரையாற்றங்கரையில் நான் பிறந்து வளர்ந்த ஊரில் இருப்பது. சரபோஜி மன்னர் காலத்தில் 200 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது, பர்மா தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் முட்டை வெண்கருச் சாந்தும் கொண்டு இழைத்தது, விரைவில் வெளியூர் விருந்தினர் தங்கும் பாரம்பரிய விடுதியாக மாறவிருப்பது என்று மூன்று வரிகளில் அந்த வீட்டின் கதை முடிந்துவிட்டது. கட்டுரையாளரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வீட்டார் சொன்னதை அவர் எழுதினார். வீட்டாரும் தங்கள் பெரியவர்கள் சொன்னதைத்தான் சொன்னார்கள். ஆனால் அதே வீட்டின் பரணில், சிவப்புத் துணியில் பொதிந்து கிடந்த கணக்குக் கட்டுகள் வேறொன்றைச் சொல்கின்றன. விடுதியின் வாசலில் பெயர்ப்பலகை எழுதப்படுவதற்கு முன் அது உங்கள் வாசகர்களுக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, வயது 74. என் தந்தையார் 1939 முதல் 1965 வரை அந்தப் பண்ணையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மாகாணி, முந்திரி என்ற பழைய பின்னக் கணக்குகள் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தவை அல்ல. திண்ணையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவை. அந்தப் படிப்பு ஐம்பது ஆண்டுகளாக எதற்கும் பயன்படாமல் கிடந்தது. சென்ற ஆண்டு, அந்த வீட்டின் இப்போதைய வாரிசு, நான் தம்பி என்று அழைப்பவர், சென்னையிலிருந்து வந்து, "டீச்சர், பரண் முழுக்கக் காகிதமா கிடக்கு. எடைக்குப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்று கேட்டுக்கொண்டார். மொத்தம் இருபத்து மூன்று கட்டுகள். பதினான்கைப் பார்த்து முடித்திருக்கிறேன். வீட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். அந்தக் குடும்பத்தார் இன்றும் எங்களோடு நல்லது கெட்டதில் கலந்துகொள்பவர்கள் என்பது ஒரு காரணம். நான் எழுதுவது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியது அன்று என்பது இன்னொரு காரணம்.

முதலில் வீட்டின் வயதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாசல் நிலையின் மேற்கட்டையில், கஜலட்சுமிக்குக் கீழே, 'தாரண ௵ தை ௴' என்று செதுக்கியிருக்கிறது. பிரபவ முதல் அட்சய வரையிலான வருஷங்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. ஆகவே இந்த எழுத்து 1825-ஆம் ஆண்டின் தை மாதத்தையும் குறிக்கலாம். 1885-ஆம் ஆண்டின் தை மாதத்தையும் குறிக்கலாம். சகாப்தம், பசலி போன்ற தொடர்ந்து எண்ணிவரும் ஆண்டுக் கணக்கில் ஒன்றைக் கூடவே எழுதியிருந்தால் ஐயம் இருக்காது, தச்சர் எழுதவில்லை. வீட்டார் முந்தியதைப் பிடித்துக்கொண்டார்கள். 1825 என்றால் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி இருந்த காலம். அரண்மனை நிழல் வீட்டின் மேல் விழும். மனித மனம் அப்படித்தான் கணக்குப் பார்க்கும்.

ஆனால் 1825-ஐ அந்த வீடே ஏற்றுக்கொள்ளவில்லை. பர்மா தேக்கு என்று எல்லோரும் கூடத்துத் தூண்களைத் தட்டிக் காட்டுகிறார்கள். 1824-லிருந்து 1826 வரை கம்பெனிக்கும் பர்மிய அரசுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. போருக்கு நடுவில் நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் தேக்கு வந்து இறங்கி, மாட்டு வண்டி ஏறி, கோரையாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது என்று நம்புவது கடினம். இரண்டாங்கட்டின் கூரையில் சீமை ஓடு வேய்ந்திருக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் சரிந்து விழுந்த ஓடு ஒன்றைக் கழுவித் திருப்பிப் பார்த்தேன். மங்களூர் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற எண்ணும் இருந்தன. வீட்டார் அந்த எண்ணை ஓடு வேய்ந்த ஆண்டாக எண்ணியிருந்தார்கள். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பிற்காலத்து ஓடுகளிலும் அதே எண்ணைத்தான் அச்சில் வைத்து அடித்தார்கள். முதல் உலகப் போரையொட்டி ஜெர்மானியர் பலர் பணியாற்றிய அந்த சுவிட்சர்லாந்து மிஷனிடமிருந்து தொழிற்சாலைகள் கைமாறிவிட்டதால், மிஷன் பெயர் உள்ள ஓடு அதற்கு முந்தியது என்பதுவரை சொல்லலாம். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் இரண்டு இரும்பு உத்தரங்கள் ஓடுகின்றன. அவற்றின் பக்கவாட்டில், சுண்ணாம்பைச் சுரண்டினால், டார்மன் லாங் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் புடைத்துத் தெரிகிறது. அந்த நிறுவனமே 1875-க்குப் பிறகு வந்தது. ஓட்டையும் உத்தரத்தையும் பின்னாளில் மாற்றியிருக்கலாமே என்று தம்பி கேட்டார். கேள்வி நியாயமானது. ஓட்டையும் இரும்பையும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வயது சொல்ல முடியாது.

விடை ஏழாவது கணக்குக் கட்டில், கறையான் பாதி தின்ற பத்திரங்களுக்கு இடையில் கிடைத்தது. 1882-ல் பதிவான ஐந்து கிரயப் பத்திரங்கள் அவை. இன்று வீடு நிற்கும் இடத்தில் அன்று ஐந்து தனித்தனி மனைக்கட்டுகள் இருந்திருக்கின்றன. எல்லை சொல்லும் வரிகளில் 'இதற்கு வடக்கு, இன்னார் மனைக்கும் தெற்கு' என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரும் அந்த மனைகளை ஒரு தாளில் வரைந்து பார்த்தால், திண்ணையிலிருந்து கொல்லை வரை வீட்டின் மொத்த இடமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 1882-ல் மனை வாங்கியவர் 1825-ல் வீடு கட்டியிருக்க முடியாது. ஆக நிலையில் உள்ள தாரண வருஷம் 1885-ஆம் ஆண்டுத் தையில் வந்ததுதான். வீட்டின் வயது 200 அன்று, 140.

வயதில் அறுபது குறைவதால் வீட்டின் அழகு எதுவும் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்த அறுபது ஆண்டு இடைவெளிக்குள்தான் வீடு கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. மனையை விற்ற ஐவரில் மூவர் நெசவாளர்கள் என்பது பத்திரத்தில் அவர்கள் பெயருக்கு முன் எழுதப்பட்டிருக்கும் குலத்தொழிலால் தெரிகிறது. விற்ற காரணம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: முன்னே வாங்கிய கடனுக்கும் குடும்ப ஜீவனத்துக்கும். அந்தக் கடன் எந்த வருஷத்தில் வாங்கியது என்று பற்றுச்சீட்டைத் தேடினால் தாது வருஷம் என்று இருக்கிறது.

தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் வாயிலாகக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய பஞ்சம் அது. சேலமும் கோயம்புத்தூரும் தவித்த அந்த ஆண்டுகளில் தஞ்சாவூர்ப் படுகையில் மட்டும் ஓரளவு விளைந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய மேலணை காவிரிக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்திருந்தது. 1861-லேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்துவிட்டது. விளைந்த நெல்லை விலை எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்ப வழி திறந்திருந்தது. இந்த வீட்டின் தாது, ஈஸ்வர வருஷ ஓலைக் கணக்குகள் நீடாமங்கலம் ரயிலடிக்குப் போன வண்டிகளை நாள் நாளாக எண்ணி வைத்திருக்கின்றன. இரண்டு அறுவடைகளுக்குள் ஒரு கலம் நெல்லின் விலை இரட்டிப்புக்கு மேல் ஏறியதும் அந்த ஏட்டிலேயே இருக்கிறது. சோற்றுக்கே வழியில்லாத காலத்தில் துணி வாங்குவோர் யார்? தறி நின்றது, தறிக்காரர் நெல்லுக்குக் கடன் வாங்கினார், கடன் மனையில் போய் முடிந்தது. கடன் வாங்கி எட்டு ஆண்டுகள் கழித்து அந்த மனையில் பால் காய்ச்சிக் கிரகப்பிரவேசம் நடந்தது. மூன்றாங்கட்டில் ஆழ்குழாய்க்காகத் தோண்டியபோது செங்கல் வரிந்த குழி ஒன்று தட்டுப்பட்டது என்றும், அது தறிக்குழியாக இருக்குமோ என்றும் தம்பி கேட்டார். சுண்ணாம்பு குழைத்த குழியாகவும் இருக்கலாம். பார்க்காததற்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இதில் சட்டப்படி தவறு ஏதும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவர் கொடுத்தார். விற்றவர் கையெழுத்துப் போட்டார். பதிவாளர் முத்திரை வைத்தார். அரசர் மானியமாகக் கொடுத்த பூமியில் எழுந்த வீடு என்ற கதைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைத்தான் சுட்டிக்காட்டுகிறேன்.

அடுத்த அரை நூற்றாண்டில் அந்த வீடு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்த அளவுக்குச் செழிப்பாகவும் இல்லை. 1930-களில் நெல் விலை விழுந்தபோது, வில்வண்டியும் கச்சேரியுமாக இருந்த அதே வீடு, செட்டிநாட்டு லேவாதேவிக்காரர் ஒருவரிடம் நிலங்களோடு சேர்ந்து அடமானத்தில் இருந்திருக்கிறது. வட்டி முதலைத் தாண்டி நின்ற நிலையில், 1938-ல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்து காப்பாற்றியது. கல்யாணக் கூடத்தில் தொங்கும் கண்ணாடி விளக்குகள் ஏலத்துக்கு எழுதப்பட்ட பட்டியல் ஒன்றும், பிறகு அதன்மேல் குறுக்குக் கோடு இழுத்திருப்பதும் பதினோராவது கட்டில் உள்ளன. இதைப் படித்துக் காட்டியபோது தம்பி சிரித்துவிட்டு, "எங்க தாத்தா இதை ஒருநாளும் சொன்னதில்லையே" என்றார். சொல்ல மாட்டார்கள். பெரிய வீடுகள் மறைப்பதில் முதலிடம் கடனுக்குத்தான்.

இனி எழுதுவது எனக்குச் சற்றுக் கடினமான பகுதி. பன்னிரண்டாவது கட்டைப் பிரித்ததும் என் தந்தையாரின் கையெழுத்து வந்தது. லகரத்தின் சுழியை அவர் போல யாரும் போட மாட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. அது 1944-ஆம் ஆண்டுக்குரிய நாள்வழி, அதாவது அன்றாடக் கணக்கேடு. தலைப்பில் மறுபடியும் தாரண வருஷம். வீடு குடிபுகுந்து ஒரு சுற்று முடிந்து அதே வருஷம் திரும்பியிருந்தது. நல்லவேளையாக அப்பா பக்கத்திலேயே பசலி 1354 என்றும் எழுதியிருந்தார். பண்ணையாட்களின் பெயர் இடப்பக்கம், அளந்த நெல் வலப்பக்கம். ஆண்களுக்குப் பெயர் உண்டு, தகப்பன் பெயர் இல்லை. பெண்களுக்குப் பெயரே இல்லை. இன்னான் பெண்சாதி என்று மட்டும். ஓர் ஆளின் பெயருக்கு நேரே நெல் தூணிப் பதக்கு என்று வரவு. அதாவது ஆறு மரக்கால், அரைக் கலம். அடுத்த வரியில், '௸ (மேற்படி) ஆள் நடவுக்கு ஒருநாள் வராத வகையில் அபராதம் பதக்கு' என்று இரண்டு மரக்கால் கழிவு. அதற்கும் அடுத்த வரியில், மகன் கல்யாணத்துக்கு முன் வருஷம் வாங்கிய நெல்லுக்குப் பிடித்தம். கூட்டிக் கழித்து வீட்டுக்கு எடுத்துப்போனது குறுணி. ஒரு மரக்கால். அப்பா தவறில்லாமல் கூட்டியிருக்கிறார். பக்கத்தின் அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்.

அப்பா கெட்டவர் அல்லர். எங்கள் தெருவில் எவருடைய மனுவையும் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவர் என்று இன்றும் சொல்வார்கள். அந்தக் 'சரி'யைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

கணக்கில் நெல் இருக்கிறது, அடி இல்லை. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பால் (சாணியைக் கரைத்த நீர்) புகட்டுவதும் இருந்தன என்பது ஊரறிந்த செய்தி. அவற்றை நிறுத்துவதென்று மிராசுதார்களும் விவசாயிகள் சங்கமும் 1944-ல் களப்பாளில் செய்துகொண்ட ஒப்பந்தமே அதற்குச் சாட்சி. இல்லாத ஒன்றை நிறுத்துவதாக யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். சாணிப்பாலை எந்தக் கணக்குப்பிள்ளையும் பற்று எழுதி வைக்கவில்லை. அதைக் கேட்க நான் கீழத்தெருவுக்குப் போனேன். தொண்ணூறைத் தொட்ட ஒரு மூதாட்டி இருக்கிறார். என்னைக் கணக்குப்பிள்ளை மகள் என்றுதான் இன்றும் அழைப்பார். நான் அபராத வரியைப் படித்துக் காட்டியதும், "பதக்குன்னு எழுதுனா முடிஞ்சிபோச்சு தாயி. அன்னிக்கு ராத்திரி எங்க மாமியா வெறும் நீராகாரத்த ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி ஊத்துனாவோ. அத எந்த ஏட்டுல எழுதுவாவோ?" என்றார். அடி விழுந்த கொல்லைப்புறத்துப் புளியமரம் எது என்றும் கேட்டுக்கொண்டேன். மரம் இப்போது இல்லை, இடம் இருக்கிறது. கட்டுரையில் வந்த படத்தில், நீச்சல் குளம் அமைக்கக் கயிறு கட்டி அளந்திருக்கிறார்களே, அந்த இடம்.

கட்டுகளைத் தொடர்ந்து படித்தால் வெளியுலகம் கணக்குக்குள் நுழைவதைக் கண்ணால் பார்க்கலாம். விவசாயிகள் சங்கத் தலைவர் பி. சீனிவாசராவ் முதலானோர் ஊர் ஊராகச் சங்கம் கட்டிய ஆண்டுகளில் அபராதப் பத்தி மெலிகிறது. 1948-ல் மாயவரம் ஒப்பந்தம் வந்தபின் அடுத்த வருஷக் கணக்கில் அந்தப் பத்தி அறவே இல்லை. 1952-ல் முதலில் அவசரச் சட்டமாகவும் பின்பு முழுச் சட்டமாகவும் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையடுத்த பேரேட்டில் 'பண்ணையாள்' என்ற சொல்லே மறைந்து 'தினக்கூலி' என்று ஆகிறது. பெயர்கள் பெரும்பாலும் அவையே. சட்டம் பாதுகாப்பு அளித்தது பண்ணையாளுக்கு; ஆகவே பண்ணையாள் என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். இதுவும் அப்பாவின் கையெழுத்தில்தான்.

நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியபோது, 1960 ஏப்ரல் 6-ஐக் கணக்குப் பார்க்கும் நாளாக வைத்தது. அதற்கு முந்திய ஈராண்டுகளில் இந்த வீட்டிலிருந்து எழுதப்பட்ட தான செட்டில்மெண்டுகளையும் தர்ம சாசனங்களையும் எண்ணி எனக்குக் கை சலித்தது. சட்டம் வருகிறது என்ற செய்தி வயலுக்கு எட்டும் முன்பே பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எட்டிவிடும் போலும். இரண்டு பத்திரங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பண்ணை வேலையாட்கள் இருவர் தலைக்கு ஏழு மா நிலத்துக்கு உடையவர்களாகியிருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் செய்தியை முதன்முதலில் சொன்னவள் நான். நம்பவில்லை, சிரித்தார்கள். கீழத்தெருக்காரர்களுக்குக் கடைசியில் கைக்கு வந்த மண் 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தால் கிடைத்த மனை மட்டுமே. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்திய மார்கழியில், கூலி உயர்வைக் கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போயிருந்தார்கள்.

கட்டிடக் கலையைப் பற்றித்தானே கட்டுரை, இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். கட்டிடமும் இதைத்தான் சொல்கிறது. அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று முன்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்து கூடத்தோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாங்கட்டைத் தாண்டிக் கொல்லை வாசலுக்கு வாருங்கள். வாசல் தாழ்வானது, நான் குனிந்துதான் வர வேண்டும், எனக்கு உயரம் ஐந்தடிக்கும் குறைவு. அதன் வெளிப்புறத்தில் ஒரு கருங்கல் படி இருக்கிறது. நடுவில் சோற்றுக் கிண்ணம் போலத் தேய்ந்திருக்கிறது. முன்வாசலில் அதே கல்லில் செய்த மூன்று படிகள் விளிம்பு மழுங்காமல் இருக்கின்றன. கூலி நெல் அளந்தது இந்தப் பின்படிக்கு வெளியே. படியைத் தாண்டி உள்ளே வர அவர்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே படியிலேயே கூடையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். படிக்கு நேர் உள்ளே பலா மரத்தால் செய்த பத்தாயம். அடுக்கடுக்காகக் கழற்றி மாட்டக்கூடியது; அடியில் நெல் எடுக்க ஒரு சாண் அகலத்தில் கதவு, அதற்கு இரண்டு பூட்டு. நானூறு கலம் கொள்ளும் என்று தம்பி பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, விடுதியின் வரவேற்பு மேசையாக இதை மாற்றித் தருவதாகக் காரைக்குடியிலிருந்து வந்த வியாபாரி கூறியிருப்பதையும் சொன்னார்.

தம்பியைப் பற்றி ஒன்று கூற வேண்டும். நான் படித்தவற்றை அவரிடம் மறைக்கவில்லை. அவரும் முகம் சுளிக்கவில்லை. "டீச்சர், இதையெல்லாம் போர்டுல எழுதினா யாரு வந்து தங்குவா?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை. வீட்டைக் காப்பாற்ற அவருக்கு வருமானம் வேண்டும். மட்டப்பா ஒழுகுகிறது, ஒரு பருவ மழைக்கு முற்றத்துச் சுவர் ஒன்று போய்விட்டது. விடுதி ஆகாவிட்டால் அந்த வீடும், படுகையில் பல வீடுகளைப் போல, தூண் வேறு கதவு வேறாக லாரி ஏறிவிடும். அதை நான் விரும்பவில்லை. பழி தீர்க்கும் பலகை ஒன்றை வாசலில் மாட்ட வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. 1885 என்று சரியான ஆண்டைப் போடுங்கள்; பஞ்ச காலத்து நெல் விலையிலும் நெசவாளர் மனையிலும் எழுந்த வீடு என்று ஒரு வரி போடுங்கள்; பின்படியைப் பெயர்த்து எடுக்காதீர்கள்; புளியமரம் நின்ற இடத்தில் குளம் வெட்டாமல் நாலடி தள்ளி வெட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன். குளத்தைத் தள்ளி வெட்டுவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றவற்றை யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பழையதைக் கிளறி இப்போது ஊருக்குள் மனக்கசப்பு உண்டாக்குவானேன் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். மனக்கசப்பு கீழத்தெருவில் எண்பது ஆண்டுகளாக இருக்கிறது. மேலத்தெருவுக்குத்தான் அது புதிய செய்தி. மூதாட்டியின் கொள்ளுப்பேத்தி திருவாரூரில் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். நாள்வழியை நான் படிக்கப் படிக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறாள். ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு அதன் பிறகே புரட்டுகிறோம். அந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு அவளுக்குத் தம்பியே காபி கொண்டுவந்து கொடுத்ததை நான் பார்த்தேன். அவளுடைய பூட்டனார் கூலி வாங்கியது பின்படிக்கு வெளியே என்பது அவர்கள் இருவருக்குமே அப்போது நினைவிருந்திருக்கும். யாரும் எதுவும் சொல்லவில்லை.

தங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்டுக்கொள்வது படுகையில் இத்தகைய வீடு வைத்திருக்கும் குடும்பத்தாரை நோக்கியது. தேக்குக்கும் பித்தளை அண்டாவுக்கும் விலை தெரிந்து வைத்திருக்கிறீர்கள். பரணில் கிடக்கும் நாள்வழி, பேரேடு, ஐந்தொகைக்குப் பழைய பேப்பர்காரர் கொடுக்கும் விலைதான் உங்களுக்குத் தெரியும். 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழித்தபோது எத்தனையோ கிராமங்களில் பழைய கணக்குகள் வீட்டுத் திண்ணையிலேயே தங்கி மட்கிப் போயின. பண்ணைக் கணக்குகளுக்கு அரசு அலுவலகத்தில் நகலும் இல்லை. எடைக்குப் போட்டால் போனதுதான். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையை அணுகுங்கள். மராட்டியர் காலத்து மோடி எழுத்தில் உள்ள ஆவணங்கள் கிடைத்தால் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் காட்டுங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் குறைந்தது வெயிலில் காயவைக்காதீர்கள். நிழலில் உலர்த்தி, வசம்பு போட்டு, பருத்தித் துணியில் கட்டி வையுங்கள். உங்கள் பாட்டனாரைப் பற்றி அதில் என்ன இருக்குமோ என்ற அச்சம் இருந்தால், நான் என் தந்தையாரைப் படித்த கதையை மேலே எழுதியிருக்கிறேன்.

எனக்கு ஓர் உதவியும் வேண்டும். மீதி ஒன்பது கட்டுகளில் மூன்று ஓலைகள். அவற்றில் கீழ்வாய் இலக்கம் சுருக்கக் குறிகளாக வருகிறது. முந்திரிக்குக் கீழே வரும் பின்னங்களில் எனக்குத் தடுமாற்றம் உண்டு. அப்பா அதுவரை சொல்லிக் கொடுக்கவில்லை. கோவில் கணக்கோ பண்ணைக் கணக்கோ எழுதிப் பழகிய முதியவர்கள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நன்னிலம் பக்கத்தில் யாரேனும் இருந்தால் இந்த நாளிதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும். மாணவியை அழைத்துக்கொண்டு நானே வந்து பார்க்கிறேன். தைப்பொங்கலுக்கு முன் என்றால் நல்லது. மாசியில் தச்சர்கள் பரணைப் பிரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.